டிரிபிள் ஏ சந்தாவா, இன்சூரன்ஸில் வரும் ரோட்சைடு உதவியா?

அமெரிக்காவில் சொந்தக் காரில் ஊர் சுற்றும் நம்மவர் வீடுகளில் வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பேச்சு வரும். டிரிபிள் ஏ (AAA) என்ற மோட்டார் கிளப்பின் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கும். வழியில் வண்டி நின்றுபோனால் ஆள் அனுப்பி உதவுவது, தேவைப்பட்டால் கராஜுக்கு இழுத்துப்போவது, இதைத்தான் ரோட்சைடு உதவி என்கிறோம். "இன்சூரன்ஸிலேயே ரோட்சைடு இருக்கு, கார் கம்பெனியும் தர்றான், கிரெடிட் கார்டிலும் இருக்காம். இதுக்கு எதுக்குத் தனியா நூறு டாலர்?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இந்த வருஷம் நானும் மனைவியும் எல்லாவற்றின் விதிமுறைகளையும் எடுத்து வைத்துப் படித்துவிட்டு, டிரிபிள் ஏ-யின் நடுத்தரச் சந்தாவான பிளஸை வைத்துக்கொண்டு, இன்சூரன்ஸில் சேர்த்திருந்த ரோட்சைடு பகுதியை நீக்கிவிட்டோம். ஆகவே நான் ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். ஆனாலும் இது எல்லாருக்கும் தேவை என்று சொல்லமாட்டேன்.

முதலில் ஒரு விஷயம். டிரிபிள் ஏ ஒரே கம்பெனி கிடையாது. 1902-ல் சிகாகோவில் ஒன்பது மோட்டார் கிளப்புகள் கூடித் தொடங்கிய கூட்டமைப்பு அது. லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் தென் கலிஃபோர்னியா கிளப் 1900-லேயே தொடங்கியது, கூட்டமைப்பைவிட மூத்தது. இன்றைக்கும் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கிளப், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், தனி விதி. நியூ ஜெர்ஸியில் இருக்கும் நண்பர் சொல்லும் கணக்கு கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் இருப்பவருக்குப் பொருந்தாது. நான் கீழே சொல்பவற்றையும் உங்கள் கிளப்பின் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தாவோடு வரும் தள்ளுபடிகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஓட்டல் அறைக்குக் கிடைக்கும் சலுகை பெரும்பாலும் அந்த ஓட்டலின் சொந்த உறுப்பினர் விலையை ஒட்டியே இருக்கும். இந்தியாவுக்குப் போய் வண்டி ஓட்ட வேண்டும் என்றால் தேவைப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை டிரிபிள் ஏ அலுவலகத்தில் 20 டாலருக்குத் தருகிறார்கள்; ஆனால் அதை வாங்க உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு வண்டிப் பதிவு வேலைகளை டிஎம்வி என்ற அரசு வாகனத் துறை அலுவலகத்தில் வரிசையில் நிற்காமல் கிளப் அலுவலகத்திலேயே முடித்துக்கொள்ளும் வசதி உண்டு. அது உண்மையிலேயே நல்ல வசதி. ஆனால் பயணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி போட்டியாளர்கள். புது வண்டி என்றால் கார் கம்பெனியின் உதவியை முதலில் பாருங்கள். ஹூண்டாய் ஐந்து வருஷத்துக்குத் தருகிறது, டொயோட்டா இரண்டு வருஷத்துக்கு, ஹோண்டா மூன்று வருஷம் அல்லது 36,000 மைலுக்கு. வண்டி அந்த வயதுக்குள் இருக்கும்வரை இது இலவசம், நல்லதும்கூட. பொதுவாக அந்த பிராண்டின் அருகிலுள்ள டீலரிடம் கொண்டுபோய் விடுவார்கள். கிரெடிட் கார்டில் வரும் உதவியில் பலவும், அழைத்தால் ஆள் அனுப்பி ஒவ்வொரு அழைப்புக்கும் கட்டணம் வசூலிக்கும் ஏற்பாடுதான். இழுக்கும் தூரமும் ஐந்து மைல் போலத்தான். ஊருக்குள் உதவும், நெடுஞ்சாலையில் உதவாது.

உண்மையான போட்டி இன்சூரன்ஸோடுதான். அங்கே விலை மிகவும் குறைவு, ஒரு வண்டிக்கு மாதத்துக்குச் சில டாலர்கள். பேட்டரிக்கு ஜம்ப் ஸ்டார்ட், பஞ்சரானால் ஸ்டெப்னி மாட்டித் தருவது, சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் திறந்து தருவது, பெட்ரோல் கொண்டுவருவது என்று பட்டியல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பட்டியலை மட்டும் பார்த்தால் இன்சூரன்ஸ்தான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது.

முடிவை மாற்றும் விஷயம் அந்தப் பட்டியலில் இல்லை. வண்டியை எங்கே கொண்டுபோய் இறக்குவார்கள் என்பதில் இருக்கிறது. இன்சூரன்ஸ் பாலிசிகளில் வரும் சொற்றொடர் 'அருகிலுள்ள தகுதியான பழுதுபார்க்கும் இடம்'. உதாரணத்துக்கு, ப்ரோக்ரெசிவ் என்ற இன்சூரன்ஸ் கம்பெனி 15 மைல் சுற்றுவட்டம் என்று வைத்திருக்கிறது; அதற்குள் ஒன்றும் இல்லையென்றால் மிக அருகில் எது இருக்கிறதோ அங்கே. அதற்கு மேல் போக வேண்டுமானால் கூடுதல் மைலுக்கு நாம்தான் காசு கொடுக்க வேண்டும். ஃப்ரீமாண்ட்டிலோ டல்லஸிலோ 15 மைலுக்குள் நூறு கராஜ் இருக்கும். கிழக்குக் கலிஃபோர்னியாவின் சியரா மலைக்கு அந்தப் பக்கம் அப்படி இல்லை.

போன கோடையில் யோசெமிட்டி வழியாக டயோகா கணவாயைத் தாண்டி, மோனோ ஏரிப் பக்கம் 395-ஆம் நெடுஞ்சாலையில் இறங்கினோம். எங்களோடு இன்னொரு குடும்பம் அவர்களுடைய ஹைப்ரிட் வேனில் வந்தது. லீ வைனிங் ஊருக்கு வெளியே சாலையோரக் கல் ஒன்று அவர்களுடைய வலது பின் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. சாமான்களை இறக்கி டிக்கியின் அடித்தளத்தைத் தூக்கினால் ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு ஃபோம் தட்டு, அதில் சின்ன கம்ப்ரஸர், ஒரு பாட்டில் சீலன்ட். ஹைப்ரிட் வண்டிகள் பலவற்றில் இப்போது இவ்வளவுதான் வருகிறது. சீலன்ட்டை ஏற்றி கம்ப்ரஸரை ஓடவிட்டோம். வெள்ளைத் திரவம் கிழிசல் வழியாக நுரைத்துக்கொண்டு தார்ச்சாலையில் வழிந்தது. ஆணி குத்திய ஓட்டையைத்தான் அது அடைக்கும், பக்கவாட்டுக் கிழிசலை அடைக்காது.

நண்பர் தன் இன்சூரன்ஸை அழைத்தார். மரியாதையாகப் பேசினார்கள், வண்டியும் அனுப்பத் தயார்தான். ஆனால் அருகிலுள்ள கராஜுக்குத்தான் போகும் என்றார்கள். அந்த கராஜுக்கே போன் செய்து கேட்டோம். சனிக்கிழமை மதியம். அந்த அளவு டயர் கையில் இல்லை, திங்கட்கிழமை ஆர்டர் போட்டால் செவ்வாய்க்கிழமை வரும் என்றார் அங்கிருந்தவர். தெற்கே 65 மைல் தள்ளி பிஷப் என்ற ஊர். அங்கே ஒரு டயர் கடையில் அதே அளவு இருந்தது, மாலை வரை திறந்திருப்பார்கள். இடையில் இருந்த அந்தக் கூடுதல் மைல்களுக்கு நண்பரின் பாலிசியில் வழி இல்லை.

என் மனைவி அப்போது அந்த வேனில்தான் வந்துகொண்டிருந்தாள். டிரிபிள் ஏ-யில் அவளும் தனி உறுப்பினர். அவள் அட்டையை வைத்து அழைத்தோம். வண்டியை இழுத்துப்போகும் டோ டிரக் வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. டிரக் கேபினில் இரண்டு பேருக்கு மேல் இடமில்லை, மற்றவர்களை எங்கள் வண்டியில் அடைத்துக்கொண்டோம். வேன் நேராக பிஷப் டயர் கடை வாசலில் இறங்கியது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு வண்டிகளும் ஓடும் நிலையில் இருந்தன.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். தனியாரை அழைத்து மைலுக்கு 5 டாலர் என்று வைத்தால் 65 மைலுக்கு 325 டாலர், கொக்கி மாட்டும் கட்டணம் தனி. காசு கொடுக்க மனமில்லாமல் செவ்வாய் வரை காத்திருந்தால் ஒரு குடும்பத்துக்கு மூன்று இரவு மோட்டல் வாடகை, அதோடு இரண்டு நாள் லீவு. பிளஸ் சந்தாவுக்கு ஒரு வருஷத்துக்கு ஆகும் தொகையைப் போலப் பல மடங்கு. பிளஸ் உறுப்பினருக்கு ஒரு அழைப்புக்கு 100 மைல் வரை நாம் சொல்லும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போவார்கள், வருஷத்துக்கு நான்கு அழைப்புகள். அந்த 100 மைலுக்குள் மேற்கு மாநிலங்களின் வெறிச்சோடிய சாலைகள் பலவற்றில் ஏதாவது ஒரு நல்ல ஊர் வந்துவிடும். லாஸ் வேகஸ் போகும் 15-ஆம் நெடுஞ்சாலையில் பேக்கர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 134 அடி உயர வெப்பமானி நிற்கும் ஊர். பக்கத்து மரணப் பள்ளத்தாக்கில் 1913-ல் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் நினைவாக அந்த உயரம். அந்த வெயிலில்தான் ஏற்றத்தில் எஞ்சின் சூடாகி வண்டிகள் ஓரம் கட்டும். பார்ஸ்டோ ஒரு பக்கம் 60 மைல் சொச்சம், லாஸ் வேகஸ் மறுபக்கம் 90 சொச்சம். பிளஸ் இருந்தால் இரண்டுமே எட்டும்.

இதனால்தான் அடிப்படைச் சந்தாவான கிளாசிக்கைப் பயணிகளுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. அதில் இழுக்கும் தூரம் ஐந்து மைல், சில கிளப்புகளில் ஏழு. நெடுந்தூரப் பயணத்துக்கு அது இன்சூரன்ஸைவிடக் குறைவான உதவி, விலையோ அதிகம். கிளாசிக்கா இன்சூரன்ஸா என்று கேட்டால் இன்சூரன்ஸ் என்றே சொல்வேன். பிரீமியர் சந்தாவில் ஒருமுறை 200 மைல் வரை இழுப்பார்கள். அதை நான் எடுத்ததில்லை, எங்கள் பயணங்களுக்கு 100 போதும் என்று தோன்றியதால் பிளஸோடு நின்றுவிட்டோம். மொன்டானா, வயோமிங் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

லீ வைனிங்கில் நடந்ததில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இன்சூரன்ஸ் உதவி பாலிசியில் இருக்கும் வண்டியோடு போகும். டிரிபிள் ஏ ஆளோடு வரும். உறுப்பினர் ஓட்டினாலும் சரி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் சரி, வண்டி யாருடையதாக இருந்தாலும் சரி. ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போது பெரிய வேன் வாடகைக்கு எடுக்கிறோமே, அதற்கும் இது பொருந்தும். வாடகை நிறுவனங்கள் எஞ்சின் கோளாறுக்குப் பொறுப்பேற்கும். சாவியை உள்ளே பூட்டியதற்கும் விளக்கை அணைக்காமல் பேட்டரி இறங்கியதற்கும் தனியாகக் காசு கேட்கும், அல்லது தினக் கட்டணத்தில் ஒரு பாதுகாப்பை விற்கும். டிரிபிள் ஏ இருந்தால் அந்தத் தினக் கட்டணம் தேவையில்லை. ஆனால் பெரிய பழுது என்றால் முதலில் வாடகை நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும், மாற்று வண்டி தர வேண்டியது அவர்கள். டொராண்டோ உறவினரைப் பார்க்க எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கு கனடாவின் சிஏஏ கிளப்பும் இதே அட்டையை ஏற்றுக்கொள்ளும்.

இதன் மறுபக்கம், கணவர் பெயரில் மட்டும் சந்தா இருந்தால் மனைவி தனியாக ஓட்டும்போது அது உதவாது. கல்லூரிக்குப் போன பிள்ளைக்கும் உதவாது. ஒவ்வொருவரையும் கூடுதல் கட்டணம் கட்டி இணை உறுப்பினராகச் சேர்க்க வேண்டும். நான்கு பேர் ஓட்டும் வீட்டில் ஒரே ஒரு வண்டி என்றால் இந்தக் கணக்கு இன்சூரன்ஸ் பக்கம் திரும்பிவிடும்.

இன்சூரன்ஸ் பற்றி இன்னொன்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில கம்பெனிகள் ரோட்சைடு அழைப்பையும் கிளெய்ம் வரலாற்றில் குறித்துவைக்கின்றன. அது பிரீமியத்தைத் தொடுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஏஜென்ட்டிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல் மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

டிரிபிள் ஏ-யிடமும் எதிர்பார்க்கக் கூடாதவை உண்டு. ஆள் வராத மலைப்பகுதியில் அவர்கள் அனுப்புவதும் உள்ளூர் ஒப்பந்தக்காரரின் டிரக்தான். வேறு யார் அனுப்பினாலும் அதே டிரக் வரலாம், அதே நேரம் ஆகலாம். பராமரிப்பில்லாத மண் சாலைகளுக்குள் வரமாட்டார்கள். மரணப் பள்ளத்தாக்கில் தானாக நகரும் பாறைகளைப் பார்க்க ரேஸ்ட்ராக் என்ற இடத்துக்குப் போகும் கூர்ங்கல் பாதையில் டயர் போனால் சந்தாவை நம்ப வேண்டாம். அந்தப் பூங்காவின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னலும் கிடையாது. இதற்கு ஒரு நல்ல வழி 2023-ல் வந்தது: ஐஃபோன் 14-உம் அதற்குப் பிறகு வந்தவையும் வைத்திருப்பவர்கள் சிக்னல் இல்லாத இடத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாகவே டிரிபிள் ஏ-க்குச் செய்தி அனுப்பி உதவி கேட்கலாம். உறுப்பினர் அல்லாதவர்களும் கேட்கலாம், காசு தனி. நான் இதுவரை அதைப் பயன்படுத்தும் நிலை வரவில்லை. மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு என்ன சொல்வது என்பதிலும் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. டெஸ்லா வாங்கிய நண்பர்கள் உத்தரவாதக் காலம் முடியும்வரை கம்பெனியின் உதவியே போதும் என்கிறார்கள்.

வேலைக்கும் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் வண்டி எடுப்பவர்கள், புது வண்டிக்காரர்கள், வருஷத்தில் ஒரு நீண்ட பயணம் அதுவும் விமானத்தில் போகிறவர்கள் எல்லாம் இன்சூரன்ஸிலேயே இருந்துகொள்ளலாம். உத்தரவாதம் முடிந்த வண்டியில், டிக்கியில் ஸ்டெப்னி இல்லாமல், குழந்தைகளோடு பாலைவனமோ மலையோ போகிறவர்கள் பிளஸ் எடுங்கள். புதிதாகச் சேர்ந்தாலும் கிளாசிக்கிலிருந்து மாறினாலும் அந்த 100 மைல் பலன் சில நாள் கழித்தே தொடங்கும். சாலையோரத்தில் நின்றுகொண்டு சேர்ந்தால் தனிக் கட்டணமும் கேட்பார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டே நீண்ட வாரக்கடைசிக்குக் கிளம்புவதாக இருந்தால் ஆகஸ்ட் நடுவிலேயே சேர்ந்துவிடுங்கள், வீட்டில் யார் யார் ஓட்டப்போகிறார்களோ அவர்கள் எல்லார் பெயரையும் சேர்த்து.