கதை இங்கேதான் தொடங்குகிறதாம்

சென்ற வாரம் ஜெர்மன் எழுத்தாளர் வால்டர் மோர்ஸின் நாவல் ஒன்றை பைண்டிங் செய்து வாங்கி வந்தேன். மேசையில் அதைப் பார்த்த நண்பர், “வால்டர் மோர்ஸ் படிக்கலாமா?” என்று கேட்டார். பதில் சொல்லப்போய்ப் பழைய கோபமெல்லாம் கிளம்பிவிட்டது.

‘கனவு காணும் புத்தகங்களின் நகரம்’ என்ற அந்த நாவல் ஜெர்மனில் 2004இல் வந்தது. என்னிடம் இருப்பது ஜான் பிரவுன்ஜானின் ஆங்கில மொழிபெயர்ப்பு. மூன்று முறை படித்ததில் முதுகு பிளந்து, நடுவில் ஒரு கொத்துத் தாள்கள் கழன்றுவிட்டன. தைத்துக் கொடுத்தவர் ஓரத்தைச் சீராக்குகிறேன் பேர்வழி என்று சற்றுக் கூடுதலாகவே வெட்டிவிட்டார். படத்தில் இருந்த புக்லிங் என்ற ஒற்றைக்கண் பிராணி ஒன்றுக்கு இப்போது பாதிக் கை இல்லை. வேறு நாவலாக இருந்தால் பொறுத்துக்கொள்வேன். மோர்ஸ் காமிக்ஸ்காரர். வாய்த்துடுக்கான ஒரு பொடியனை வரைந்து பெயர் வாங்கி, குழந்தைகள் தொலைக்காட்சிக்குப் புளுகு மூட்டையான நீலக்கரடி மாலுமியைப் படைத்து, 1999இல் அதே கரடியை வைத்து எழுநூறு பக்கத்துக்கு நாவல் எழுதியவர். தன் நாவல்களுக்குத் தானே படமும் வரைகிறார். அந்தப் படத்தில் கை போனால் ஒரு வாக்கியம் போன மாதிரிதான்.

அந்த புக்லிங்குகள் பாதாளத்தில் வாழ்பவை. ஆளுக்கு ஓர் எழுத்தாளரின் படைப்புகள் முழுவதையும் மனப்பாடம் செய்து, அவர் பெயரையே சூட்டிக்கொள்கின்றன. படித்தாலே வயிறு நிறைந்துவிடும். பெயர்களும் சும்மா இல்லை. பெர்லா லா கடியான் என்பதன் ரோமன் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் எட்கர் ஆலன் போ வருவார். முதல் வாசிப்பில் இது எனக்குத் தெரியவே இல்லை. இரண்டாவது முறை பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன்.

கதாநாயகன் நச்சு தடவிய ஒரு புத்தகத்தைப் புரட்டும் இடம் இன்னொன்று. உனக்கு நஞ்சு ஏறிவிட்டது என்று அந்தப் பக்கமே அவனிடம் சொல்லும். அதைப் படித்துவிட்டு என் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டது நினைவிருக்கிறது. இப்போது அங்கே பைண்டிங் பசை வேறு நெடியடிக்கிறது. பொருத்தம்தான்.

இனி கோபத்துக்கு வருகிறேன். 2011இல் இதன் தொடர்ச்சியாக ‘கனவு காணும் புத்தகங்களின் புதிர்ப்பாதை’ வந்தது. இருநூறு ஆண்டுகள் கழித்து, புகழும் தொப்பையும் பெருத்த அதே கதாநாயகன் அதே நகரத்துக்குத் திரும்புகிறான். சுற்றிப் பார்க்கிறான், சாப்பிடுகிறான், பொம்மலாட்டம் பார்க்கிறான். பொம்மலாட்டத்தில் என்ன கதை? முதல் புத்தகத்தின் கதை! நான் காசு கொடுத்து வாங்கி, மூன்று முறை படித்து, முதுகு பிளக்க வைத்த அதே கதையை மறுபடி பக்கம் பக்கமாகச் சொல்கிறார். ஒருவழியாக அவன் பாதாளத்தில் இறங்குகிறான். கதை இங்கேதான் தொடங்குகிறது என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுகிறார் மனிதர். பந்தி விரித்து, இலை போட்டு, தண்ணீரும் தெளித்துவிட்டுச் சமையல்காரர் ஊருக்குப் போய்விட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 2023இல் தடித்த நாவல் ஒன்று வந்தது. அதே கதாநாயகன், ஆனால் ஒரு தீவுக்குப் போயிருக்கிறான். பாதாளக் கதை அப்படியே நிற்கிறது.

நியாயமாகவும் பேச வேண்டும். ‘நான் மொழிபெயர்ப்பாளன் மட்டுமே, எழுதியது ஜமோனியா என்ற கண்டத்து டைனோசரான அந்தக் கதாநாயகன்தான்’ என்பது மோர்ஸின் வழக்கமான வேடம். அந்த டைனோசர் வளவளக்கும் என்பதை 2000இலேயே, ‘என்சல் உண்ட் க்ரேட்டே’ என்ற நாவலில், கதையை நடுவே நிறுத்திப் புலம்ப விட்டுக் காட்டிவிட்டார். ஆகவே எச்சரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அங்கே அது வேடிக்கை. அதற்காக ஒரு முழுப் புத்தகத்தையுமா முன்னுரையாக விற்பது?

நண்பரிடம் வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். சரி, உங்கள் பிரதியையாவது கொடுங்கள் என்றார். பசை இன்னும் காயவில்லை என்றேன்.