பிக் பிட் சுரங்கம், வேல்ஸ்: 90 மீட்டர் இறங்கிப் பார்த்தேன்

தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் நிலக்கரி கையாளும் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். மின்சாரம் எடுக்கும் ஐந்து யூனிட்டும் ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் 15,000 டன் கரி வேண்டும். ஒடிசாவிலிருந்து ரயிலில் பாரதீப் போய், அங்கிருந்து கப்பலில் வரும். கன்வேயரில் ஏறும் கரியைத்தான் பார்த்திருக்கிறேன், அது மண்ணுக்குள் இருக்கும் இடத்தைப் பார்த்ததே இல்லை. கார்டிஃபில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பிளேனாவனில் உள்ள பிக் பிட் தேசிய நிலக்கரி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லி நானே கேட்டேன்.

1980-ல் மூடிய நிஜச் சுரங்கம் இது. 1983-லிருந்து பார்வையாளர்களை விடுகிறார்கள். இறங்கும் முன் கைபேசி, கைக்கடிகாரம், கார் சாவி என்று பேட்டரி உள்ள எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். மீத்தேன் கசியும் இடத்தில் ஒரு பொறி போதுமே. தலைக்கவசம், விளக்கு, இடுப்பில் பேட்டரி, ஆபத்துக்கு மூச்சுக் கருவி, எல்லாம் சேர்ந்து 5 கிலோ. அப்புறம் கூண்டில் 90 மீட்டர் கீழே.

கூட வந்தவர் முன்னாள் சுரங்கத் தொழிலாளி. அவருடைய வேல்ஸ் உச்சரிப்பு பாதிதான் பிடிபட்டது. ஆனால் கூரையைத் தாங்கும் முட்டுகளை அவர் தட்டிக் காட்டிய விதத்திலேயே ஆள் யார் என்று தெரிந்தது. சுரங்கத்துக்குள் காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு காற்றுக் கதவின் அருகே நிறுத்தி, எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொன்னார். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. கரி வண்டி வரும்போது இப்படிப்பட்ட கதவுகளைத் திறந்து மூட, அதைத் தடை செய்த 1842 சட்டம் வரும் வரை, ஆறேழு வயதுப் பிள்ளைகள் இதே மாதிரி இருட்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்களாம். ஏழு வயதுப் பேத்தி என் கையை இறுக்கிப் பிடித்தாள். எனக்குத் தொண்டை அடைத்தது. கரி வண்டி இழுத்த குதிரைகளின் லாயங்களையும் காட்டினார். என் மனம் அந்தக் கதவடியிலேயே நின்றுவிட்டது.

மேலே 1939-ல் கட்டிய குளியலறைகள் இருக்கின்றன. அதுவரை உடம்பெல்லாம் கரியோடுதான் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ரொம்ப நேரம் நின்றேன். என் சட்டைகளைத் தனியாக ஊறவைத்துத் துவைத்த மனைவியின் ஞாபகம் வந்தது.

1882-ல் லண்டனில் நிலக்கரியால் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பிரிட்டன், தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டம்பர் 30-ல் மூடிவிட்டது. ஆனால் கரி எரிவது உலகத்தில் குறையவில்லை. அதே வருடம் 870 கோடி டன்னுக்கு மேல் எரித்திருக்கிறோம், பாதிக்கு மேல் சீனாவில். உலக மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் கரியிலிருந்துதான். எண்ணெய், எரிவாயு, கரி மூன்றிலும் அதிகக் கார்பன் டை ஆக்சைடைத் தருவதும் இதுதான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. எரிவாயுவில் சுமார் பாதி. என் சம்பளம் அதில் வந்தது, பிள்ளைகள் அதில் படித்தார்கள். அதற்காக இந்தக் கணக்கை மறைக்க மாட்டேன். நம் ஊரிலும் இது குறைய வேண்டும், அந்த வேலையை நம்பியிருப்பவர்களுக்கு மாற்று வேலை கொடுத்துக் குறைக்க வேண்டும்.

அருங்காட்சியகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. நிலத்தடிச் சுற்றுக்கு மட்டும் நேரம், கட்டணம் விசாரித்துப் போங்கள். ஒரு மீட்டர் உயரமாவது இல்லாத குழந்தைகளை இறக்க மாட்டார்கள். கோடையிலும் உள்ளே குளிரும், ஸ்வெட்டர் அவசியம். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து இறங்குங்கள், பல இடங்களில் குனிந்துதான் நடக்க வேண்டும்.