ஜாஸ் பியானோ: புளூஸா, டூ-ஃபைவ்-வன்னா முதலில்?

மட்டக்களப்பில் ஜாஸ் பழக வருகிறவர் தேவாலயத்தில் கீபோர்ட் வாசிப்பவராக இருக்கலாம், கர்நாடக சங்கீதம் படித்தவராகவும் இருக்கலாம். முதல் பாடம் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

12 பார் (தாள ஆவர்த்தனம் போன்ற அளவு) கொண்ட புளூஸுக்கு மூன்று கோட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) போதும். நான்கு பார் சி7, இரண்டு எஃப்7, இரண்டு சி7, பிறகு ஜி7, எஃப்7 ஒவ்வொரு பார், கடைசி இரண்டும் சி7. சங்கீதம் படித்தவருக்கு வலது கை பாதி தெரிந்ததுதான்: சுத்த தன்யாசியோடு பிரதி மத்திமத்தையும் சேர்த்தால் புளூஸ் ஸ்கேல். கமகம் மட்டும் கட்டையில் வராது. ஈ ஃபிளாட்டிலிருந்து ஈ-க்கு விரலை வழுக்கிச் சமாளிக்க வேண்டியதுதான். அன்றைக்கே கற்பனையாக ஏதாவது வாசித்துப் பார்க்கலாம், அதுதான் இதன் சுகம்.

டூ-ஃபைவ்-வன், அதாவது ஸ்கேலின் இரண்டாம், ஐந்தாம், முதல் சுரங்களின் கோட்களை அதே வரிசையில் வாசிப்பது (சி ஸ்கேலில் டி, ஜி, சி), கொஞ்சம் வறட்சி. ஆனால் ஜாஸ் பாடல்களில் பாதி வேலை அதில்தான் நடக்கிறது. டி மைனர் 7-க்கு இடது கையில் டி, வலது கையில் எஃப்-சி. இடது கை ஜி-க்குப் போகும்போது சி-யை அரைச்சுரம் இறக்கி பி ஆக்கினால் ஜி7. அப்புறம் இடது கை சி, எஃப் இறங்கி ஈ: சி மேஜர் 7. வலது கை இடம் மாறவேயில்லை! பாட்டுக்குக் கோட் பிடித்தே பழகியவர் இதில் தொடங்கட்டும்.

61 கட்டை கீபோர்ட் இரண்டுக்கும் தாராளம். 12 ஸ்கேலிலும் பழகும்போது சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை மட்டும் தொடாதீர்கள்.