இரண்டு பேர், இரண்டு நாள், சாங்கி வில்லேஜ்

ஜூன் பள்ளி விடுமுறை வந்தால் சிங்கப்பூரில் ஒரு கூட்டம் பாத்தாமுக்கும் பினாங்குக்கும் கிளம்பிவிடும். மிச்சக் கூட்டம் செந்தோசாவில் வரிசை பிடிக்கும். கணவன் மனைவி இரண்டே பேர், வயிறாரச் சாப்பிட வேண்டும், மதியம் படுத்தால் ஐந்து மணிவரை யாரும் எழுப்பக் கூடாது என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தானா மேரா எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தின் பக்கம் 2ஆம் எண் பஸ்ஸில் ஏறி, அது கடைசியாக நிற்கும் சாங்கி வில்லேஜில் இறங்கினால் போதும். தெம்பனிஸிலிருந்து 29ஆம் எண்ணும் அங்கேதான் போகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சாப்பாட்டுக்கும் கடற்காற்றுக்கும் தூக்கத்துக்கும் சாங்கி வில்லேஜ் முழு மதிப்பெண் வாங்கும். பொருள் வாங்கவும் பொழுதுபோக்குக்கும் பூஜ்யம். ஒரு சுற்று வந்தால் கடைத்தெரு முடிந்துவிடும். ‘அங்கே என்ன இருக்கிறது’ என்று திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலோர் நேரத்தை மாற்றிப் போட்டவர்கள்: உச்சி வெயிலில் எதிரே உள்ள புலாவ் உபின் தீவுக்குப் போவார்கள், கடலோர நடைபாதைக்குக் காலையில் போவார்கள், சாப்பாட்டுக்குச் சனிக்கிழமை இரவில் வந்து நிற்பார்கள். அதே இடங்களை மாற்றி அடுக்கினால் வேறு ஊர் போலத் தெரியும்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது செவ்வாய், புதன், வியாழனை விட்டு வெளியே போகாதீர்கள். திங்கட்கிழமை பல உணவுக் கடைகளுக்கு ஓய்வு நாள். வாரயிறுதியில் படகுத்துறையிலும் கூட்டம், நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கடையிலும் கூட்டம். உணவங்காடி நிலையங்களைச் சுத்தம் செய்வதற்காக அவ்வப்போது ஓரிரு நாள் மூடுவார்கள்; தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையப் பக்கத்தில் தேதி போட்டிருப்பார்கள், அறையைப் பதிவு செய்வதற்குமுன் அதைப் பார்த்துவிடுங்கள். வானிலையில் கவனிக்க வேண்டியது சுமத்ரா சூறைக்காற்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள் திடீரென்று வீசி, பலத்த மழை கொட்டிவிட்டு ஓரிரு மணி நேரத்தில் போய்விடும். காலையில் வானம் மேற்கே கறுத்திருந்தால் படகைத் தள்ளிப் போட்டுவிட்டு இன்னொரு கோப்பி குடிப்பதே புத்தி.

முதல் நாள் காலை புலாவ் உபினுக்கு. சாங்கி முனைப் படகுத்துறையில் டிக்கெட் கவுண்ட்டர் தேடி அலைய வேண்டாம், கிடையாது. உபினுக்கு ஒரு வரிசை, மலேசியாவின் பெங்கெராங்குக்கு ஒரு வரிசை. கடப்பிதழ் கேட்டால் தவறான வரிசையில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். படகுக்கு 12 பேர். ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும், நேர அட்டவணை இல்லை. ஒருவருக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), படகிலேயே ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். சில்லறை நோட்டு வைத்திருங்கள். வாரநாளில் எட்டுப் பேர் சேர்ந்து நின்றுகொண்டிருந்தால் குறையும் 16 வெள்ளியை எல்லோருமாகப் பங்கு போட்டுக் கிளம்பச் சொல்லலாம், படகுக்காரர் மறுப்பதில்லை. பத்துப் பதினைந்து நிமிடப் பயணம். திரும்பி வரும்போதும் இதே கணக்குத்தான் என்பதால் மாலை இருட்டும்வரை தீவில் தங்காதீர்கள். ஆள் குறையக் குறைய உங்கள் பங்கு கூடிக்கொண்டே போகும்.

சைக்கிள் வாடகைக் கடைகள் படகுத்துறையிலிருந்து இரண்டு நிமிட நடை. முதல் கடையிலேயே எடுத்துவிடுவதுதான் பொதுவான தவறு. வண்டியை வெளியே தள்ளி வந்து முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு முன்னால் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருண்டால் அந்த வண்டி வேண்டாம். பின் பிரேக்குக்கும் அதே சோதனை. இருக்கையை ஏற்றி, உட்கார்ந்து மிதிக்கும்போது கால் கிட்டத்தட்ட நீளும் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். தாழ்ந்த இருக்கையில் மூன்று கிலோமீட்டர் மிதித்தால் முழங்கால் மறுநாள்தான் பேசும். கியரை ஒருமுறை மேலும் கீழும் மாற்றிப் பார்த்துச் சங்கிலி கழன்றால் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். இருவர் மிதிக்கும் நீள வண்டி படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். ஏற்றத்திலும் சரளைக்கல் பாதையிலும் அதைத் திருப்புவது பெரும்பாடு. தனித்தனி வண்டியே நல்லது. சைக்கிள் ஓட்டத் தெரியாதவருக்கு வாடகை வேன் உண்டு.

போக வேண்டிய இடம் செக் ஜாவா சதுப்புநிலம். தீவின் கிழக்கு முனை, காலை 8.30க்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுகிறார்கள், கட்டணம் இல்லை. மரப்பலகை நடைபாதைக்குள் சைக்கிளுக்கு அனுமதியில்லை. வாசலில் பூட்டிவிட்டு நடக்க வேண்டும். கடலோரச் சுற்று, அலையாத்திக் காட்டுச் சுற்று என்று இரண்டும் சேர்த்து ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நடுவில் 20 மீட்டர் உயர ஜெஜாவி கோபுரம். அதன் உச்சியில் காற்று வாங்கினாலே வந்த அலுப்புத் தீர்ந்துவிடும்.

இங்கேதான் பலர் ஏமாறுவது. கடல் உள்வாங்கியிருக்கும்போதுதான் செக் ஜாவாவில் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும். ஓதம் ஏறிவிட்டால் பலகைக்குக் கீழே பச்சைத் தண்ணீர் மட்டும்தான். ஏற்றவற்ற அட்டவணையில் 0.5 மீட்டர் அல்லது அதற்கும் குறைவாக இருக்கும் நாளைப் பாருங்கள். சிக்கல் என்னவென்றால் ஆண்டின் நடுப்பகுதியில் ஆழமான வற்றம் பெரும்பாலும் விடியலையொட்டியே வருகிறது, வாசலோ 8.30க்குத்தான் திறக்கிறது. ஆகவே ஏழரை மணிக்குள் படகில் இருக்க வேண்டும். சரியான நேரத்தில் போனால் அலையாத்தி வேர்களுக்கு நடுவே ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் அதை ஆட்டி ஆட்டி அழைப்பதைப் பார்க்கலாம். அசையாமல் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும், பலகை அதிர்ந்தால் எல்லாம் வளைக்குள் போய்விடும். சேற்றில் துடுப்பை ஊன்றித் துள்ளும் மீன்களும் அப்படியே. மேலே பார்த்தால் இருவாச்சி. சிங்கப்பூரிலிருந்து மறைந்தே போயிருந்த இந்தப் பறவை 1994இல் உபினில்தான் மறுபடி தென்பட்டது. இப்போது சாங்கி வில்லேஜ் மரங்களிலும் மாலையில் சத்தம் போடுகிறது.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். தீவில் குழாய்த் தண்ணீர் கிடையாது, கிணறுதான். கடைகள் எல்லாம் படகுத்துறைப் பக்கமே. உணவுப் பையை சைக்கிள் கூடையில் விட்டுப் போகாதீர்கள். குரங்குக்கும் காட்டுப்பன்றிக்கும் பிளாஸ்டிக் சரசரப்பு மணி அடித்த மாதிரி. தீவில் கடல் உணவுக் கடைகள் இருக்கின்றன. நண்டுக்குப் ‘பருவ விலை’ என்று போட்டிருந்தால் கிலோ விலையையும் நண்டின் எடையையும் சமைப்பதற்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, எல்லோரும் கேட்பார்கள். ஆனால் இரண்டு பேருக்கு அந்தச் செலவு அவசியமா என்றால், இல்லை. இளநீர் குடித்துவிட்டு வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு திரும்புங்கள். காரணம் எதிர்க்கரையில் இருக்கிறது.

சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையம் என்றாலே நாசி லெமாக். பெரும்புகழ் இன்டர்நேஷனல் முஸ்லிம் ஃபுட் ஸ்டாலுக்கு. மிஸ்ஸி கார்னருக்கும் தனி ரசிகர்கள் உண்டு. எது மேல் என்று கேட்டால் சிங்கப்பூரில் சண்டைதான் வரும். கடைப் பெயரை விட்டுவிட்டுத் தட்டைப் பாருங்கள்.

முதலில் சோறு. தேங்காய்ப் பாலிலும் ரம்பை இலையிலும் வெந்த பருக்கை ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்க வேண்டும், விரலில் லேசாக வழவழக்க வேண்டும், தட்டில் எண்ணெய் தேங்கக் கூடாது. பாலை முதலிலேயே மொத்தமாக ஊற்றி வேகவைத்தால் அடி பிடிக்கும், மேல் சோறு விறைக்கும். கைதேர்ந்தவர்கள் அரிசியைப் பாதி ஆவியில் வேகவைத்துவிட்டுப் பிறகுதான் பாலைக் கலந்து கிளறுவார்கள். அடுத்தது சம்பல். காய்ந்த மிளகாய், வெங்காயம், பெலாச்சான் (இறால் விழுது), புளி, கொஞ்சம் பனைவெல்லம். நம் வீட்டில் ‘எண்ணெய் பிரிந்துவிட்டதா’ என்று கேட்போமே, மலாய்ச் சமையலில் அதற்கு ‘பெச்சா மின்யாக்’ என்பார்கள். விளிம்பில் சிவந்த எண்ணெய் தனியாக நின்றால் மிளகாயின் பச்சை வாடை போய்விட்டது என்று பொருள். வெறும் இனிப்பு மட்டும் நாக்கில் நின்றால் அந்தக் கடைக்கு இரண்டாவது முறை வேண்டாம். கோழி இறக்கை உங்கள் முன்னே எண்ணெயிலிருந்து வருகிறதா, கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சளும் செரையும் (எலுமிச்சைப் புல்) ஊறிய தோல் பத்து நிமிடத்தில் மொறுமொறுப்பை இழந்துவிடும். நெத்திலி கடித்தால் ‘டக்’ என்று உடைய வேண்டும். வளைந்தால் அன்று காலையிலிருந்தே ஈரக்காற்றில் கிடந்தது.

முட்டை, வெள்ளரி, நெத்திலி, இறக்கையோடு ஒரு தட்டு ஐந்து வெள்ளியை ஒட்டி வரும். 12 மணியிலிருந்து ஒன்றரை வரை சுற்றுவட்டாரத்தில் வேலை செய்வோர் கூட்டம். 11 மணிக்கே போய்விடுங்கள். மூன்று மணிக்குப் போனால் வரிசை இருக்காது, ஆனால் மதியம் மிஞ்சிய சோறு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். புதுச் சோறு எப்போது இறங்கும் என்று கேட்டுவிட்டுக் கோரெங் பீசாங் பக்கம் ஒதுங்கலாம். இது வாழைக்காய் பஜ்ஜியின் தம்பி இல்லை. நன்றாகப் பழுத்த பழத்தை மாவில் தோய்த்துப் பொரிப்பது. வெளியே கண்ணாடி போல உடையும், உள்ளே பாகு. டாப்பாவ் (பொட்டலம்) கட்டி அறைக்கு எடுத்துப் போனால் ஆவியில் நமத்துவிடும்; நின்றபடியே தின்ன வேண்டிய பண்டம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: நாசி லெமாக்கில் நெத்திலியை எடுத்துவிட்டால் ஆயிற்று என்று நினைக்காதீர்கள். சம்பலில் உள்ள பெலாச்சான் இறாலை அரைத்துச் செய்வது, அதை எடுக்க முடியாது. இந்திய முஸ்லிம் கடையில் வெறும் பரோட்டா கேட்கலாம். பருப்புக் கறி என்று ஊற்றுவதில் சில கடைகளில் மீன் குழம்பு கலந்திருக்கும் என்பதால் ‘தனிப் பருப்பா’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண்டிப்பான சைவர்களுக்கு இந்த இடத்தை மனமறிந்து பரிந்துரைக்க முடியாது. அவர்களுக்கு லிட்டில் இந்தியாவின் தேக்காதான்.

தமிழ்நாட்டிலிருந்து கோடை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து அது சட்டம். ஹலால் தட்டுக்கு ஓர் அடுக்கு, மற்றதற்கு வேறு அடுக்கு. மேசைமேல் கைத்துடைப்புப் பொட்டலம் கிடந்தால் யாரோ மறந்துவிட்டுப் போனது அல்ல, இடம் பிடித்திருக்கிறார்கள். கோப்பி என்றால் கெட்டிப்பால் ஊற்றிய தித்திப்பு; ‘கோப்பி ஓ’ பாலில்லாமல் சர்க்கரையோடு; ‘கோப்பி ஓ கோசோங்’ இரண்டும் இல்லாமல். சாப்பிட்ட கனத்துக்கு இஞ்சி தட்டிப் போட்ட ‘தே ஹாலியா’ தேநீர் பொருத்தம்.

அறை. கிராமத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஹோட்டல்கள் இருக்கின்றன. விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கும் சேர்த்து 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 200 வெள்ளி என்று போட்டது 239 வெள்ளி 80 காசாக வந்து நிற்கும். காலை உணவோடு சேர்த்த விலையை எடுக்காதீர்கள். கீழே உணவங்காடி இருக்கும்போது ஹோட்டல் இட்லிக்குக் காசு கொடுப்பது வீண். விமானப் பாதை மிக அருகில், சத்தத்துக்கு எளிதில் விழித்துக்கொள்கிறவர் காதடைப்பான் கொண்டு வரட்டும். ஜூன் துரியான் காலமும்கூட. எம்ஆர்டியிலும் ஹோட்டல் அறையிலும் அதற்கு இடமில்லை. கண்ணெதிரே எடைபோட்டு, கண்ணெதிரே பிளக்கச் சொல்லிக் கடையிலேயே தின்று முடிக்க வேண்டும்.

மாலை ஆறேகால் மணிக்குக் கடலோர நடைபாதைக்குக் கிளம்புங்கள். படகுத்துறையின் பக்கமாகத் தொடங்கி 2.2 கிலோமீட்டர், கடலுக்குள் தூண்மேல் நிற்கும் கேலோங் நடைபாதை நடுவில் வரும், அந்தி பார்ப்பதற்கென்றே கட்டிய பகுதி அதற்கும் அப்பால். ஜூனில் சூரியன் மறைவது 7.10ஐ ஒட்டி. ஆகவே நிதானமாக நடந்தாலும் சரியாகப் போய்ச் சேரலாம். மழை பெய்த நாளில் பலகை வழுக்கும், ரப்பர் செருப்பு உதவாது. கொசு மருந்தைக் கணுக்காலுக்கு மறக்காமல் பூசுங்கள், மரச்சரிவுப் பகுதியில் அந்தி நேரத்தில் விடாது. எதிரே உபின் கறுத்துப்போய்க் கிடக்கும், நடுவே ஒன்றிரண்டு படகு விளக்கு. பேசாமல் அரை மணி நேரம் உட்கார நல்ல இடம்.

மறுநாளுக்குத் திட்டம் எதுவும் வைக்காதீர்கள். ஒன்பது மணிக்கு எழுந்து பரோட்டா, கோப்பி. அறையைக் காலி செய்யும் நேரம் பன்னிரண்டு என்றால் பதினோரு மணிவரை மறுபடி படுக்கலாம். கிளம்புமுன் 11 மணிக்கு இன்னொரு கடையின் நாசி லெமாக்கை வாங்கி முதல் நாளோடு ஒப்பிட்டுவிடுங்கள். 2ஆம் எண் பஸ் அங்கிருந்துதான் புறப்படுகிறது என்பதால் இருவருக்கும் சேர்ந்தாற்போல இடம் கிடைக்கும்.