டவுனில் வாங்கிய பித்தளைப் படி செட்: ஒரு கணக்கு டீச்சரின் அனுபவம்

சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊரில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்த நாள், தேசிய கணித நாள். அதற்கு ‘அன்றாட வாழ்வில் கணிதம்’ என்று பிள்ளைகள் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். ஆறு பேரைச் சேர்த்தேன். அந்த ஆய்வுக்காகத் திருநெல்வேலி டவுன் ரத வீதியில் ஒரு பாத்திரக்கடையில் வாங்கிய படி செட்டைப் பற்றி எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலில் வாங்கியது இது இல்லை. பிளாஸ்டிக்கில் உருளை, கூம்பு, கோளம் எல்லாம் இருக்கிற ரெடிமேட் பெட்டி ஒன்று வாங்கினோம். கூம்பில் மூன்று தடவை தண்ணீர் மொண்டு ஊற்றினால் உருளை நிறையும். பார்க்க அழகுதான். ஆனால் விடை கூட வந்த புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது. பத்து நிமிஷத்தில் பிள்ளைகள் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

அப்போதுதான் ஒரு பிள்ளை சொன்னாள்: “டீச்சர், பக்கத்து வீட்டுல அரிசி கைமாத்து வாங்கும்போது அரைப்படியில ரெண்டு தடவை வாங்கிட்டு வான்னு எங்க ஆச்சி சொல்லுவா. முழுப்படியில வாங்கக்கூடாதாம்.” ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அன்றைக்கே பழைய தலைப்பை விட்டுவிட்டோம். ஆச்சி சொல்வது சரியா? இது ஒன்றுதான் எங்கள் ஆய்வு.

சனிக்கிழமை டவுனுக்குப் போனேன். படி, உரி, உழக்கு, ஆழாக்கு என்று நான்கும் நேர் உருளையாக, நல்ல கனத்தில் இருந்தன. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. உரியைத்தான் நாம் அரைப்படி என்கிறோம். எடை போட்டு விலை சொன்னார்கள், இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது. பள்ளிக்கூடத்துக்கு என்றதும் கடை அண்ணாச்சி பொறுமையாக ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டினார். “தலைதட்டி அளக்கவா, கும்பம் வச்சு அளக்கவா டீச்சர்?” என்று அவர் கேட்ட கேள்வியை நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன். விளிம்போடு வழித்து அளப்பது தலைதட்டு, விளிம்புக்கு மேலே குவித்து அளப்பது கும்பம்.

செட்டில் ஒரு குறை இருந்தது. எட்டு ஆழாக்கு அரிசி போட்டும் படி நிறையவில்லை, விரற்கடை அளவு குறைந்தது. ஆழாக்குதான் சிறியது. அடுத்த வாரம் கொண்டுபோனதும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனாலும் இது கடையே அளந்து பார்த்திருக்க வேண்டிய விஷயம். இந்த அளவுகளில் அரசு முத்திரை கிடையாது, அதனால் வியாபாரத்துக்கு ஆகாது. பாடத்துக்கும் வீட்டுக்கும் மட்டும்தான்.

மாற்றி வந்த ஆழாக்கை ஸ்கேல் வைத்து அளந்தபோது வகுப்பே திரண்டு வந்தது. படியின் உள் அகலம் 12 செ.மீ., உயரம் 13.2. ஆழாக்கின் அகலம் 6, உயரம் 6.6. அகலத்திலும் உயரத்திலும் சரிபாதி. “பாதின்னா எப்படி டீச்சர் எட்டுல ஒண்ணு ஆகும்?” என்று ஒருவன் கேட்டான். அரிசியைப் போட்டு எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஆறு, ஏழு, எட்டு. எட்டாவதில் விளிம்போடு நின்றது. 2 × 2 × 2 = 8 என்பது அவனுக்கு இனிமேல் மறக்காது.

அப்புறம் கும்பம். பிள்ளைகள் வீட்டில் விளைந்த அம்பை 16 அரிசிதான் எடுத்தோம். விளிம்புக்கு மேல் ஒரு சாண் உயரத்திலிருந்து மெதுவாகப் போட வேண்டும், குலுக்கக்கூடாது, ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும் என்று அவர்களே விதி எழுதிக்கொண்டார்கள். படியில் கும்பத்தின் உயரம் அரிசிக்கு 3.2 செ.மீ., நெல்லுக்கு 4. உருட்டு உளுந்து சரிந்துகொண்டே இருந்தது, 2.7-க்கு மேல் நிற்கவில்லை. கூம்பின் கனஅளவு பத்தாம் வகுப்புப் பாடம். இவர்களுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே தேவைப்பட்டுவிட்டது.

ஆனால் உரியில் இரண்டு கும்பம் போட்டாலும், படியில் ஒரு கும்பம் போட்டாலும் அரிசி ஒரே அளவுதான் வந்தது. பிள்ளைகளுக்கு முகமே விழுந்துவிட்டது. ஆச்சி சொன்னது தப்பா? “ஆச்சியோட அரைப்படியைப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன். மறுநாள் அந்தப் பிள்ளை அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். சப்பை உரி! அகலம் படியின் அகலமேதான், உயரம் மட்டும் பாதி. எங்கள் செட்டின் உரி, படியின் அதே வடிவம் சிறுத்தது, அதனால் கும்பமும் அதே விகிதத்தில் சிறுத்துவிடுகிறது. சப்பை உரிக்கோ படிக்கு நிற்கிற முழுக் கும்பமும் நிற்கும். இரண்டு தடவை அளந்தால் இரண்டு முழுக் கும்பம். கூடுதலாக வந்த அரிசியைத் தனியாக எடுத்து அளந்தோம், அரை ஆழாக்குக்கு மேலேயே இருந்தது. ஆச்சி சொன்னது சரி.

ஆச்சி இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார்: நம்ம பக்கம் நெல் கோட்டைக் கணக்கு, 21 மரக்கால் ஒரு கோட்டை. மரக்காலுக்கு 8 படி, ஆக 168 படி. ஒவ்வொரு படியையும் சப்பை உரியில் கும்பம் வைத்து அளந்திருந்தால், முழுப்படியில் கும்பம் வைத்து அளப்பதைவிடக் கோட்டைக்குப் பதினேழு படி நெல் கூடப் போயிருக்கும் என்று பிள்ளைகள் போட்டுக் காட்டினார்கள். 1956-ல் அளவைச் சட்டம் வந்து, 1960-களின் தொடக்கத்தில் மெட்ரிக் கட்டாயமாகும் வரை கூலியும் குத்தகையும் படி, மரக்கால் கணக்கில்தான் அளக்கப்பட்டன. எந்த அளவில், கும்பமா தலைதட்டா என்பதில் ஒரு குடும்பத்தின் சாப்பாடு இருந்திருக்கிறது. அதைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிட்டது.

செட்டுக்கு என் முழு சிபாரிசு உண்டு. இன்னொரு தடவை டவுனுக்குப் போய்ப் பள்ளிக்கென்று ஒரு சப்பை உரியும் வாங்கிவிட்டேன். அதை அண்ணாச்சி பரணிலிருந்து தேடித்தான் எடுத்தார். “இப்ப யாரும் கேக்கதில்ல டீச்சர்” என்றார். வெளியில் அடுக்கியிருக்காது, நீங்கள்தான் கேட்க வேண்டும். மாலையில் கூட்டம் அதிகம், பில் போடவே நேரமாகும். காலையில் போங்கள். கையோடு இரண்டு கிலோ அரிசி கொண்டுபோய், எட்டு ஆழாக்கை அங்கேயே அளந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.