ப்ராமிதியஸ்: சர்வர் கண்காணிப்புக்கு நம்பி எடுக்கலாம், லேபிளில்தான் கவனம் வேண்டும்

சவுண்ட்கிளவுட் என்ற இசைத் தள நிறுவனத்தில் 2012-ல் தொடங்கி, 2016-ல் குபர்நெட்டிஸுக்கு அடுத்த இரண்டாவது திட்டமாக கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனில் சேர்ந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இது. காசு கிடையாது. ஒரே பைனரிதான், ஓடவிட்டால் 9090 போர்ட்டில் திரை வந்துவிடும். ஒவ்வொரு சர்வரிலும் அதன் நிலவரத்தை எண்களாகக் காட்டும் நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற சிறு நிரலை (போர்ட் 9100) நிறுவி, முகவரிகளை கான்ஃபிக் ஃபைலில் சேர்த்தால் சிபியு, மெமரி, டிஸ்க் நிலவரம் அன்றைக்கே கைக்கு வரும்.

இதில் மிகவும் பிடித்தது, சர்வர்கள் தகவல் அனுப்பும் என்று இது காத்திருப்பதில்லை, தானே போய் எடுத்துவருகிறது. போன இடத்தில் பதில் இல்லையென்றால் 'அப்' என்ற மெட்ரிக் (அளவீடு) 0 ஆகிவிடும். வேலையில்லாமல் அமைதியாக இருக்கும் சர்வருக்கும் செத்துப்போன சர்வருக்கும் வித்தியாசம் உடனே தெரிகிறது. நடுவில் நெட்வொர்க் அறுந்தாலும் 0 தான் காட்டும், அதை மறக்க வேண்டாம்.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் லேபிள், அதாவது மெட்ரிக்கைப் பிரித்துப் பார்க்க அதில் ஒட்டும் அடையாளம். லேபிள் மதிப்புகளின் ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு தனி சீரிஸ். ஒரு வெப் சேவைக்கு 20 இன்ஸ்டன்ஸ் (ஓடும் பிரதிகள்), 50 யுஆர்எல் பாதைகள், 4 ஹெச்டிடிபி மெத்தட், 6 ஸ்டேட்டஸ் கோட் என்றால் ஒரு மெட்ரிக்குக்கு அதிகபட்சம் 24,000 சீரிஸ். தாங்கும். யாராவது யூசர் ஐடியையும் லேபிளாகச் சேர்த்து, 10,000 பயனர்கள் இருந்தால், அதே கணக்கு 24 கோடி வரை ஏறும். புதிதாக எழுதப்படும் சீரிஸ் எல்லாம் மெமரியில்தான் உட்காரும் என்பதால் அவ்வளவு தூரம் போவதற்குள்ளேயே ராம் தீர்ந்து ப்ராமிதியஸ் விழுந்துவிடும். யூசர் ஐடிக்கு இடம் லாக் ஃபைலில் (நிகழ்வுப் பதிவில்). ஒவ்வொரு ஜாபுக்கும் (ஒரே வகை டார்கெட்டுகளின் குழு; டார்கெட் என்பது தகவல் எடுக்கப்படும் இடம்) 'சாம்பிள் லிமிட்' போட்டுவிடுங்கள், அதாவது ஒருமுறை எடுக்கும்போது வரக்கூடிய சாம்பிள்களுக்கு (பதிவாகும் மதிப்புகளுக்கு) ஒரு வரம்பு. வரம்பு மீறினால் அந்த டார்கெட்டின் தரவு மட்டும் நிராகரிக்கப்படும், மற்றவை பிழைக்கும்.

டிஸ்க் கணக்கு எளிது. ஒரு சாம்பிளுக்கு 1 முதல் 2 பைட். 1 லட்சம் சீரிஸ், 15 வினாடிக்கு ஒருமுறை, இயல்பாக உள்ள 15 நாள் சேமிப்பு என்றால் சுமார் 17 ஜிபி போதும். லோக்கல் டிஸ்க்கே கொடுங்கள். நெட்வொர்க் வழியாக வரும் என்எஃப்எஸ் டிஸ்க் வேண்டாம், தரவு சிதையலாம்.

அலர்ட்டில் இரண்டு விஷயம். 15 வினாடி இடைவெளியில் எடுக்கும்போது 'ரேட்' கணக்குக்கு (வினாடிக்கு எவ்வளவு கூடுகிறது என்பது) 1 நிமிடத்துக்குக் குறையாத கால ஜன்னல் வையுங்கள். ஒன்றிரண்டு சாம்பிள் தவறினாலும் கோடு அறுபடாது. டிஸ்க்குக்கு 80 சதவீதம் என்ற எல்லையைவிட, இப்போதைய போக்கை வைத்து முன்கூட்டியே கணிக்கும் 'ப்ரெடிக்ட் லீனியர்' நல்லது. இன்னும் 4 மணி நேரத்தில் நிரம்பும் என்றால் இப்போதே எழுப்பும்.

ப்ராமிதியஸே விழுந்தால் எந்த அலர்ட்டும் வராது. அதற்காக எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஒரு அலர்ட்டை, அலர்ட்டுகளை உரிய இடத்துக்கு அனுப்பும் அலர்ட்மேனேஜர் வழியாக வெளியே உள்ள வேறொரு சேவைக்கு அனுப்பிக்கொண்டே இருங்கள். அது நின்றவுடன் அங்கிருந்து ஆன்-காலில் (அவசர அழைப்புப் பொறுப்பில்) இருப்பவருக்கு போன் போகட்டும்.