ஜாவாவுடன் 20 ஆண்டுகளுக்கு மேல்: ஒரு நிரலாளரின் பயன்பாட்டு அனுபவம்

2002ஆம் ஆண்டு முதல் இன்று வரை நான் சம்பளத்துக்கு எழுதும் நிரல்மொழி ஜாவா ஒன்றுதான். தரமணியில் டைடல் பார்க் திறந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. தியாகராய நகரில் ஒரு பயிற்சி மையத்தின் மாடியறையில், கணினிக்கு மூன்று பேராக உட்கார்ந்து 1.3ஆம் பதிப்பைப் படித்து முடிப்பதற்குள் 1.4 வெளிவந்துவிட்டது. மொழியை விரும்பிப் போனேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஜாவா தெரிந்தால் வேலை கிடைக்கும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார், சேர்ந்துவிட்டேன்.

இந்த மொழியின் பெருங்குணம் எதுவென்று கேட்டால், பழைய நிரலைக் கைவிடாமல் வைத்திருப்பது என்பேன்; அதன் பெருங்குறைகளும் அங்கிருந்துதான் கிளைக்கின்றன. 2003இல், ரசீதில் தொகையைத் தமிழில் எழுத்தால் அச்சிடுவதற்காக ஒரு கிளாஸ் (ஜாவா நிரலின் ஓர் அலகு) எழுதினேன். எண்ணைச் சொல்லாக மாற்றுவதில் என்ன இருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்தால், பின்னால் இன்னோர் எண் வரும்போது நூறு நூற்று ஆவதும், ஆயிரம் ஆயிரத்து ஆவதும், எண்ணூறுக்கு அடுத்து தொள்ளாயிரம் வந்து நிற்பதும் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. விதிவிலக்குகளை எல்லாம் ஹேஷ்டேபிள் என்ற அட்டவணையில் அடுக்கி, அவற்றை வரிசையாக எடுக்கும் மாறிக்கு அந்தக் கால வழக்கப்படி ‘ஈனம்’ (enum) என்று பெயர் வைத்தேன். 2004இல், 1.4க்கு அடுத்ததாக வந்த 5ஆம் பதிப்பு அந்தச் சொல்லை மொழிக்கே உரியதாக எடுத்துக்கொண்டதால் மாறியின் பெயரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. அந்த ஒரு திருத்தத்தைத் தவிர வேறு எதுவும் செய்யாமல், இன்று 21ஆம் பதிப்பிலும் அந்தக் கிளாஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. நிரலைக் கணினிக்கு ஏற்ப மாற்றும் கம்பைலர் சில எச்சரிக்கைகளை முணுமுணுக்கும், அவ்வளவுதான்.

தமிழை ஜாவா நடத்திய விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அறிமுகப்படுத்தியபோதே இதன் எழுத்துச்சரங்கள், பல மொழி எழுத்துகளுக்கும் பொது எண் தரும் யூனிகோடை அடிப்படையாகக் கொண்டிருந்தன. ஆகவே நிரலுக்கு உள்ளே இருக்கும் வரை தமிழுக்கு ஆபத்தில்லை. கோப்புக்கோ அச்சுக்கோ போகும் வாசலில்தான் சிக்கல். எந்தக் குறியாக்கம் (எழுத்தைக் கணினி சேமிக்கும் முறை) என்று நாம் சொல்லாமல் விட்டால், அந்தக் கணினியின் இயங்குதளம் எதை வைத்திருக்கிறதோ அதையே அன்றைய ஜாவா எடுத்துக்கொள்ளும். என் லினக்ஸ் கணினியில் அது யூனிகோடு எழுத்துகளைத் தாங்கும் யூடிஎஃப்-8. வாடிக்கையாளரின் விண்டோஸ் கணினியில் தமிழே இல்லாத 1252 என்ற குறியாக்கம். விளைவாக, ‘வள்ளி’ என்ற பெயர் ரசீதில் ஐந்து கேள்விக்குறிகளாக வந்தது. கடைக்காரர் பொறுமையாக எண்ணிப் பார்த்துவிட்டு, “மூணு எழுத்துப் பேருக்கு எதுக்கு சார் அஞ்சு கேள்விக்குறி?” என்று கேட்டார். ளகரத்தின் மேலுள்ள புள்ளியையும் இகரக் குறியையும் கணினி தனித்தனியாக எண்ணுகிறது என்று நான் கொடுத்த விளக்கம் அவருக்குத் திருப்தி தரவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கும் தரவில்லை. திரையில் வரும் சொற்களை வைக்கும் பிராப்பர்ட்டீஸ் கோப்பில் தமிழை நேராக எழுத 2017இல் 9ஆம் பதிப்பு வரும்வரை காத்திருந்தோம். எல்லா இயங்குதளங்களிலும் யூடிஎஃப்-8தான் இயல்பு என்று ஆனது 2022 மார்ச்சில் வந்த 18ஆம் பதிப்பில்தான்.

என் வேலையில் மறக்க முடியாத பிழை 2006இல் நடந்தது. செங்குன்றம் பக்கம் ஒரு கிடங்குக்குச் சரக்கு இருப்புக் கணக்கு எழுதிக் கொடுத்தோம். அலுவலகத்தில் 40 ரேக்குகளை வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாம் வாரம் கிடங்கு மேற்பார்வையாளர் தொலைபேசியில், “சார், 127ஆவது ரேக் வரைக்கும் நல்லா வருது, 128ல இருந்து எதுவுமே சேர மாட்டேங்குது” என்றார். அந்த எண்ணை அவர் அத்தனை துல்லியமாகச் சொல்லியிருக்காவிட்டால் நான் எத்தனை நாள் தேடியிருப்பேனோ தெரியாது. ரேக் எண்களை இன்டீஜர் ஆப்ஜெக்டுகளாக (எண்ணைப் பொதிந்து வைக்கும் பொருள்களாக) வைத்து, இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டிருந்தேன். ஆப்ஜெக்டுகளுக்கு அந்தக் குறி மதிப்பைப் பார்ப்பதில்லை, இரண்டும் ஒரே பொருள்தானா என்றுதான் பார்க்கும். ஜாவாவோ -128 முதல் 127 வரையிலான எண்களை முன்கூட்டியே ஆக்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் அதையே எடுத்துத் தரும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் புதிது. எனவே 127 வரை என் தவறு சரியாக வேலை செய்தது. மதிப்பை ஒப்பிடும் ‘ஈக்குவல்ஸ்’ என்று ஒரு சொல்லை மாற்றியதும் தீர்ந்தது. புதிதாகச் சேருபவர்களிடம் இந்தக் கதையை இன்றும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நடத்தை இன்றும் மாறவில்லை.

பழையதைக் காப்பாற்றும் வாக்கு ஒருமுறை ஆட்டம் கண்டது. 2010இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. 2019 ஜனவரிக்குப் பின் 8ஆம் பதிப்புக்கான ஆரக்கிளின் புதுப்பிப்புகளை வணிகப் பயன்பாட்டில் இலவசமாகப் பெற முடியாமல் போனதால், ஜாவாவின் இலவசத் திறமூல வடிவமான ஓப்பன்ஜேடிகேயின் 11ஆம் பதிப்புக்கு மாறினோம். எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படிக்க நாங்கள் நம்பியிருந்த ஜாக்ஸ்பி அதில் நீக்கப்பட்டிருந்தது. தனி லைப்ரரியாக அதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்று முரண்டுபிடிக்க, இரண்டு வாரத்தில் முடிப்பதாக நான் வாக்குக் கொடுத்த வேலை மூன்று மாதம் இழுத்தது.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2014இல் 8ஆம் பதிப்பு, நிரலைச் சுருக்கி எழுதும் லாம்டா முறையோடு கொண்டுவந்த புதிய தேதி நூலகம் எனக்கு லாம்டாவைவிடப் பெரிய நிம்மதி. பழைய காலண்டர் கிளாஸில் மாத எண் பூஜ்யத்தில் தொடங்கும்: ஜனவரி பூஜ்யம், டிசம்பர் 11. 2020இல் வந்த 14ஆம் பதிப்பு முதல், ஒன்றுமே இல்லாத ஒன்றை நிரல் பயன்படுத்தப் போனால் வரும் பிழைச்செய்தியான நல் பாயின்டர் எக்ஸப்ஷன் எந்த இடத்தில் வெறுமை இருந்தது என்பதைப் பெயரோடு சொல்லக் கற்றுக்கொண்டது. அதற்கு முன் வரி எண் மட்டும் கிடைக்கும். அந்த வரியில் நான்கு மெத்தடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கினால், எது என்று நாமே ஊகிக்க வேண்டும்.

பெரிய நிறுவனத்தின் கணக்கு வழக்குக்கு, பத்துப் பேர் மாறி மாறிக் கைவைக்கப்போகும் நிரலுக்கு, இன்றும் ஜாவாவைத்தான் பரிந்துரைப்பேன். சின்ன வேலைக்கு அது அண்டாவில் காபி போடுவது போல. வேளச்சேரியில் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குத் தண்ணீர் லாரிக் கணக்கு எழுதித் தரக் கேட்டபோது பைத்தான் என்ற வேறொரு நிரல்மொழியில் ஒரே மாலையில் முடித்துக் கொடுத்துவிட்டேன். ஜாவாவிலா எழுதினீர்கள் என்று செயலாளர் விசாரித்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.